மேற்கு வாசலில் நின்ற ஆட்டோ

மைதானத்தின் மேற்கு வாசலில் இன்று காலை அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். மைதா பசை காயவில்லை. கல்லூரிக்கு நடந்துபோன என்னை அதன் புளித்த வாடை நிறுத்தியது. மேலே நம் கால்பந்துக் கழகத்தின் பெயர், நடுவில் போட்டி நாட்கள், கீழே கட்டண விவரம். பொது, மாணவர், மூத்த குடிமக்கள். மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதிக் கட்டணம், உடன் வருபவர் ஒருவருக்குக் கட்டணமில்லை. அதற்கும் அடியில் நட்சத்திரக் குறி போட்டு ஒரு வரி: "அடையாள அட்டையின் மூலத்தைக் காட்டினால் மட்டுமே சலுகைச் சீட்டு வழங்கப்படும், நகலோ ஒப்புகைச் சீட்டோ ஏற்கப்படாது."

நான் எழுதிய வரி. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நான் நம்பியதில்லை. யார் படிக்கப்போகிறார்கள் என்று உன்னிடமே ஒருமுறை கேட்டேன். "எழுதறவளே படிச்சுக்க வேண்டியதுதான்டி, வேற யாரு" என்றாய். நான் நம்பாத பட்டியல் உனக்குத் தெரியும்: ஜாதகம், தள்ளுபடி விற்பனை, என் கல்லூரி நூலகத்தில் "நாளைக்குக் கண்டிப்பா திருப்பித் தந்துடறேன் மேடம்" என்பவர்கள். அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை இன்று அடித்துவிட்டு எழுதுகிறேன். இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

சென்னையில் பல்கலைக்கழக விடுதியில் சேர்ந்த முதல் வாரமே உனக்குப் பந்து பிடித்துப்போன கதையைச் சொன்னாய். அண்ணன்கள் தெருவில் ஆடும்போது, ஓட முடியாத தங்கையைச் சும்மா உட்காரவைக்க மனமில்லாமல், கோல் கம்பமாக உட்காரவைத்தார்களாம். ஒரு பக்கம் செங்கல், இன்னொரு பக்கம் நீ. "பந்து உள்ள போச்சா வெளிய போச்சான்னு நான்தான்டி சொல்லணும். செங்கல்லு சொல்லாதுல்ல." போலியோ தாக்கிய காலில் மாட்டிய இரும்புப் பட்டையைக் கழற்றிக்கொண்டே இதைச் சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தும் புரியவில்லை. ஆனால் அதன்பிறகு நீ எங்கே ஆட்டம் பார்க்கப் போனாலும் உன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். படிப்பு முடிந்து இருவரும் இந்த ஊருக்கே வேலைக்கு வந்தபிறகும் அது மாறவில்லை.

கழகத்துக்குள் என்னை இழுத்ததும் நீதான். "பிழை இல்லாம தமிழ் எழுத ஆள் வேணும்னீங்களே, இதோ" என்று செயலாளர் முன்னால் நிறுத்தினாய். அப்போதெல்லாம் உட்கார்ந்து பார்க்க கேலரி மட்டும்தான். உன்னை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிப்போய் மேல்படியில் வைப்பார்கள். அதை நீ வெறுத்தாய். "சாமி பொறப்பாடு மாதிரி இருக்குடி. வழியில நின்னு கும்பிடாததுதான் பாக்கி."

பிறகு மேற்கு வாசலில் சாய்தளம் கட்டினார்கள். ஆடுகளத்தின் எல்லைக் கோட்டை ஒட்டி, சக்கர நாற்காலிகள் நிற்கச் சிமெண்ட் போட்ட ஓர் இடம். அதற்குத்தான் மஞ்சள் நிறத்தில் சலுகைச் சீட்டு. பாதி விலை என்று நான் பெருமையாக வந்து சொன்னபோது, "காசு கம்மி பண்ணாங்க, சரி. முழு மேட்ச் காட்டுவாங்கல்ல?" என்று கேட்டாய். எனக்குக் கிடைத்த இலவசச் சீட்டுக்கு வால் டிக்கெட் என்று பெயர் வைத்தாய். வாசலில் இருப்பவரிடம், "அண்ணா, இது என் வால், உள்ள விடுங்க" என்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கும். இதையும் உன்னிடம் சொன்னதில்லை.

அந்த முதல் வருடமே நான் சந்தேகப்படத் தொடங்கினேன். கேலரி வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டவர்கள் முழுக் கட்டண வெள்ளைச் சீட்டோடு மேற்கு வாசல் வழியாக நுழைந்தார்கள். சிலர் யாருடைய அட்டையையோ நகலெடுத்து வந்தார்கள். ஒரு மனிதர் சக்கர நாற்காலியில் வந்து, ஆட்டம் முடிந்ததும் எழுந்து, அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன். உன்னிடம் வந்து பொரிந்து தள்ளினேன்.

"வுடேன்டி" என்றாய் நீ. "ஒருத்தன் நொண்டி மாதிரி நடிச்சு உள்ள வந்தா இன்னா? அவனும் கை தட்டத்தானே போறான்."

நான் விடவில்லை. அடுத்த கூட்டத்தில் இரண்டு விதிகள் எழுதிக் கொடுத்தேன். மேற்கு வாசலில் மஞ்சள் சீட்டுக்கு மட்டுமே அனுமதி. மூல அட்டை காட்டினால் மட்டுமே மஞ்சள் சீட்டு. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த வாசலில் சீட்டுப் பார்க்கும் பேக்கரிக்காரர் ஒரு நாள் இரக்கப்பட்டு ஒரு நகலை ஏற்றுக்கொண்டபோது, எல்லோர் முன்னாலும் அவரைக் கேள்வி கேட்டேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

போன வருடம் இறுதியாட்டம் சித்ரா பௌர்ணமி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் இருந்தது. உன் அட்டையின் காலம் முடிகிறது, ஆட்டத்துக்கு முன் புதுப்பித்துவிடு என்று நச்சரித்தது நான். நீ பழையதைக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டோடு வந்தாய். புதிய அட்டை புதன்கிழமை கிடைக்கும் என்றிருந்தார்கள். அதற்குள், கிரிவலத்துக்கு வரும் வண்டிகளை நிறுத்த மைதானம் அந்த ஞாயிறு வரை வேண்டும் என்று கேட்டார்கள். நம் ஊரில் இதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. இறுதியாட்டம் ஒரு வாரம் முன்னால் வந்தது. அட்டை புதன்கிழமை, ஆட்டம் அதற்கு முந்தைய ஞாயிறு.

அதற்குள் உன் கைகளும் தளர்ந்திருந்தன. நாற்காலிச் சக்கரத்தைக்கூட நீ தள்ளுவதில்லை. மூச்சு வாங்கியது. தூக்கி ஏற்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "இந்த பைனல் மட்டும் பாத்துடறேன், அப்பறம் நீ சொல்ற டாக்டரெல்லாம் பாக்கறேன்" என்று நீ பேரம் பேசினாய். ஆட்டோவில் மேற்கு வாசலுக்கு வந்தோம்.

பேக்கரிக்காரர் ஒப்புகைச் சீட்டை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது ஆவாது மேடம்."

"இவங்களை உங்களுக்குத் தெரியும்."

"தெரியாம இன்னா? பத்து வருஷமா தெரியும். ஆனா நீங்கதான எழுதிப் போட்டீங்க?"

"முழு டிக்கெட் வாங்கிக்கறோம்."

"முழு டிக்கெட்டுக்கு இந்த வாசல் தொறக்காது மேடம். கேலரிப் பக்கம் போணும்."

கேலரிக்குப் பதினெட்டுப் படிகள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதோ நிக்கறாரு பாருங்க, அடி அண்ணாமலையிலேர்ந்து வண்டியைக் கையால மிதிச்சிக்கினு வந்தவரு. ஜெராக்ஸ்னு இப்பதான் திருப்பி வுட்டேன். அவரு கண்ணு முன்னாடி இவங்களை எப்படி மேடம் வுடறது? நியாயமா சொல்லுங்க."

மூன்று சக்கர வண்டியில், நெற்றி நிறைய வியர்வையோடு ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ ஆட்டோவுக்குள்ளிருந்து சொன்னாய், எனக்குக் கேட்டது: "அவரையும் சேத்து ரெண்டு பேரையும் வுடச் சொல்லுடி."

ஒரே ஒரு வாக்கியம். நான் சொல்லியிருந்தால் பேக்கரிக்காரர் விட்டிருப்பார் என்று இன்று நினைக்கிறேன். அவர் அதற்குத்தான் காத்திருந்தார். என் வாய் திறக்கவில்லை. ஒரு நகலை ஏற்றதற்காக அதே மனிதரை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டவள், அதே இடத்தில், என் தோழிக்காக என்று எப்படிச் சொல்வது? சான்று, ஒழுங்கு, எல்லோருக்கும் ஒரே அளவு என்று வாழ்நாளெல்லாம் பேசியவற்றின் மேல் நின்றுகொண்டிருந்தேன்; இறங்கத் தெரியவில்லை.

திரும்பி உன்னிடம் வந்தேன். நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். என்னையே பார்த்தாய். "நல்லா எழுதியிருக்கேடி. ஒரு ஓட்டை இல்ல" என்றாய்.

பிறகு நீயே வழி கண்டுபிடித்தாய். என்னிடம் கமிட்டி பாஸ் இருந்தது. "நீ மேல ஏறிப் பாத்து போன்ல சொல்லு. அண்ணா, நீங்களும் வண்டியை இப்படிக் கொண்டாங்க. எங்க ஆளு உள்ள போறா, சொல்லுவா, கேக்கலாம்."

முப்பது வருடம் உன்னோடு ஆட்டம் பார்க்க வந்தவளுக்கு ஆட்டம் தெரியாது என்பது அன்றுதான் உனக்கு முழுதாகத் தெரிந்திருக்கும்.

"சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தர் பந்தை உதைக்கிறார்."

"ர் போடாதடி. நீ மரியாதை குடுத்து முடிக்கறதுக்குள்ள பந்து போய்டும்."

"சரி. உதைக்கிறான். அந்தப் பக்கம் போகிறது."

"எந்தப் பக்கம்?"

"மலைப் பக்கம்."

"மலைப் பக்கம் நம்ம கோலா, அவங்க கோலாடி?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவரைக் கேட்டுச் சொன்னேன். மூலையிலிருந்து உதைக்கிறார்கள் என்றேன். "அதுக்குப் பேரு கார்னர்டி" என்று நீயும் இன்னொரு ஆண் குரலும் சேர்ந்து சொன்னீர்கள். அடி அண்ணாமலைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி நிமிடங்களில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். என் முன்னால் ஒரு குடை. பெரிய இரைச்சல். நான் சொல்வதற்கு முன்பே மதிலைத் தாண்டி அந்த இரைச்சல் உனக்குக் கேட்டுவிட்டது.

"கோலா? யாருடி? யாரு போட்டது?"

நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எதற்கும் ஆதாரம் கேட்கிறவள் நான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே ஆட்டக்காரன், நீ எப்போதும் வாய் ஓயாமல் புகழும் அந்த ஏழாம் நம்பர்தான். "ஏழாம் நம்பர்" என்றேன். "மூணு பேரைத் தாண்டி வந்து போட்டான். எல்லாரும் அவனைத் தூக்கிக்கிட்டிருக்காங்க."

அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். சந்தோஷம் என்று நினைத்தேன்.

இறங்கி வந்தபோது ஆட்டோவில் சாய்ந்து, முட்டியில் கட்டோடு, கையில் டீ கிளாஸோடு ஓர் இளைஞன் நின்றான். முந்தைய ஆட்டத்தில் அடிபட்டு அன்று ஆடாதவன். என்னைப் பார்த்ததும் நேராக நிமிர்ந்தான்.

"சூப்பர் கோல் மேடம். போட்ட எனக்கே தெரில."

"எடது காலா வலது காலான்னு கேளுடா" என்றாய் நீ, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே. அடி அண்ணாமலைக்காரர் வண்டியின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "உள்ள போயிருந்தா இவ்ளோ நல்லா இருந்திருக்காதும்மா" என்று என்னிடம் சொன்னார். அவர் அதை எனக்காகச் சொன்னார் என்பது தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அட்டை சொன்னபடி புதன்கிழமை வந்தது. படம் எடுத்து அனுப்பினாய். "ஒரிஜினல் மேடம், செக் பண்ணிக்கோங்க" என்று கீழே எழுதியிருந்தாய். அதைக் காட்டி ஒரு வாசலுக்குள்ளும் நீ போகவில்லை. ஐப்பசி மழையில் உன் நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனையில் உடன் இருக்க ஒருவருக்குத்தான் அனுமதி. உன் அண்ணன் இருந்தார், அதுதான் முறை. வெளியே நின்று போன் செய்தேன். அவர் அதை உன் காதில் வைத்தார். நீ மூச்சு விடுவது கேட்டது. என்னிடம் சொல்ல ஓர் ஆட்டமும் இல்லை.

போன மாதம் செயலாளர் அறிவிப்பைப் பிழை பார்க்க அனுப்பியபோது அந்த வரியை அடித்து அனுப்பினேன். போன் வந்தது.

"இன்னா மேடம், மெயினான லைனையே அடிச்சிட்டீங்க?"

"வேண்டாம். ஒப்புகைச் சீட்டும் போதும், நகலும் போதும்."

"அப்பறம் நாலு பேரு சும்மா வருவான் மேடம்."

"வரட்டும். அவனும் கை தட்டத்தானே போறான்."

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறார்; எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பது அவருக்கு மறந்துவிட்டது. கமிட்டிக் கூட்டத்தில் நின்று பேசிப் பார்த்தேன். உன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் செயலாளர் பரிவோடு சொன்னார்: "மேடம், நீங்க வருத்தத்துல இருக்கீங்க. நீங்க முன்ன எழுதினதுதான் கரெக்டா இருக்குன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அப்டியே வெச்சிட்டோம்."

எதிர்த்து வாதாட வேண்டுமானால் என்னுடைய பழைய வாதங்களோடுதான் வாதாட வேண்டும். அவற்றில், நீ சொன்னதுபோல, ஓட்டை இல்லை.

வருகிற ஞாயிறு, போட்டியின் முதல் ஆட்டம். நான் போவேன். மேற்கு வாசலைக் கடக்கும்போது பேக்கரிக்காரர் வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். பதினெட்டுப் படி ஏறி அதே இடத்தில் உட்காருவேன். இந்த ஆண்டுப் பயிற்சி ஆட்டங்களிலும் அப்படித்தான் உட்கார்ந்தேன். பந்து நகர ஆரம்பித்தவுடன் என் உதடுகளும் நகர்கின்றன. பக்கத்திலிருப்பவர்கள் ஸ்லோகம் சொல்கிறேன் என்று நினைத்து இடம் விட்டு உட்காருகிறார்கள். சிவப்புச் சட்டை உதைக்கிறான், மலைப் பக்கம் போகிறது, அது அவங்க கோல், இப்போது கார்னர். மரியாதை கொடுப்பதில்லை. ஆனால் ஆரம்பிப்பதற்கு முன், ஏழாம் நம்பர் உள்ளே இருக்கிறானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.