சுறாப் படத்துக்கு நான் விட்ட இடைவேளை

அன்புள்ள பெரிய பாப்பாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரம்மா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, அங்கே நீ எப்படி இருக்கிறாய், நாள் முழுக்கத் திரையையே பார்த்துப் பார்த்து வந்த அந்தக் கழுத்து வலி இறங்கியதா. கடைக்காரம்மா மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மாத்திரைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார், எழுதி முடித்ததும் போனில் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாராம். நேராகப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லியே என் வாயை மூடிவிடுவாய். இது சரிப்பாவில் அடங்குகிற விஷயம் இல்லை, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீ முழுசாகக் கேட்டாக வேண்டும்.

நீ வெட்டி ஒட்டுகிற சுறாப் படத்தை இரண்டு விதமாக அனுப்பி, ஒன்றாம் நம்பர் இரண்டாம் நம்பர் என்று மட்டும் சொல்லி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். பார்த்த கையோடு தம்பி உனக்குப் போன் போட்டு, ஒண்ணு ஒரே இழுவைக்கா, ரெண்டுதான் தூள், கண்ணை மூடிக்கிட்டு அதையே குடுத்துடு என்று சொல்லிவிட்டான். அப்புறம்தான் நீ விவரத்தைச் சொன்னாய், ஒன்று நீ உன் மனசுப்படி செய்தது, இரண்டு தயாரிப்பாளர் கேட்டது, டைரக்டரோ எடிட்டர் எதைக் குடுக்கறாங்களோ அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன் என்று நழுவிவிட்டார், ஒன்றாம் நம்பரைக் கொடுத்தால் அடுத்த படம் உனக்கில்லை என்று தயாரிப்பாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார் என்று. சரிடா, அப்ப ரெண்டையே வெள்ளிக்கிழமை குடுத்துடறேன் என்று நீ சொன்னபோது உன் குரல் பிழியாத துணி மாதிரி இருந்தது என்கிறாள் அம்மா. கொடுத்துவிடாதே. தப்பு உன் படத்தில் இல்லை, என் கையில். அதை ஒத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

முப்பத்திரண்டு வருஷம் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்து, இருட்டில் டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைத்தவன் நான். வேற்று மொழிப் படம் வந்தால் கீழே ஓடுகிற எழுத்தைச் சனங்கள் படித்துச் சிரிப்பார்கள், நான் எல்லாரும் சிரித்த பிறகு சிரிப்பேன். சுறாப் படத்தில் மட்டும் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. தண்ணீர், அதில் தொங்குகிற ஒரு கால், அவ்வளவுதான் கதை, படித்தவனுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் நெஞ்சு அடைக்கும். அதனால்தான் அந்த ரகப் படத்தில் எனக்கு இத்தனை பிரியம். பேய்ப் படத்தில் ஆட்கள் கண்ணைப் பொத்துவார்கள், சுறாப் படத்தில் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்வார்கள், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்கிற நினைப்பே போய்விடும். டார்ச்சைத் தாழ்த்தி அடித்துக்கொண்டு போனால் எந்த வரிசையில் எத்தனை கால் மேலே போயிருக்கிறது என்று பார்த்தே படம் எத்தனை வாரம் ஓடும் என்று மேனேஜரிடம் சொல்லிவிடுவேன். அந்தச் சுறா மேல் யாருக்கும் கோபமும் வராது பார், அதற்கு யார் மேலும் வஞ்சம் கிடையாது, பசி. சொந்தப் படகில் வந்தவனும் ஓசியில் தொற்றிக்கொண்டு வந்தவனும் அதற்கு ஒன்றுதான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் உன்னை எங்கே விடுவது என்று தெரியாமல், பெரியவர்களுக்கு மட்டும் என்கிற சுறாப் படம் என்று தெரிந்தும் கடைசி வரிசையில் உட்கார வைத்தேனே, நீ காலைத் தூக்கவே இல்லை, அப்பா அது ஏன் கத்த மாட்டேங்குது என்று கேட்டாய். அதன் பிறகு ஒரு மாசம் வாளித் தண்ணீரில் குளிக்க மாட்டேன், குழாயில்தான் குளிப்பேன் என்று அடம்பிடித்தது வேறு கதை, அம்மா அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

குறையும் எனக்குத் தெரியும், தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. யார் முதலில் இரையாவான் என்று ஆபரேட்டரும் நானும் டீக்குப் பந்தயம் கட்டுவோம், அதிகமாகச் சிரித்துக் கலாட்டா பண்ணுகிறவன் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், டீ எனக்குத்தான். ஆளை மனுஷனாகவே காட்டாமல் தீனியாக எழுதி வைத்திருந்தால் வேறு என்ன ஆகும். சுறா வருகிறதற்கு முன்னால் கேமராவே பெண்களை மேலும் கீழும் மேய்ந்துவிட்டு வரும், உன் படத்தில் அது இல்லை, அதில் வருகிற இரண்டு பெண்களும் நனைந்த முழுக்கைச் சட்டையோடு நடுங்குகிறார்கள், அதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்தது. கடைசியில் எங்கிருந்தோ ஒரு சிலிண்டர் கிடைத்துவிடும், சுறா வெடித்துவிடும். சனங்கள் விசில் அடிப்பார்கள், பஸ் ஸ்டாப் போய்ச் சேருவதற்குள் மறந்துவிடுவார்கள்.

இனி என் தப்பு. ஒன்றாம் நம்பரில் அந்த அண்ணியும் நாத்தனாரும், கரையில் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காதவர்கள், படகு கவிழ்ந்து பாறை மேல் நிற்கிறார்கள், கடல் ஏறிக்கொண்டே வருகிறது, சுறா கண்ணிலேயே படவில்லை. தண்ணீர் மார்பு வரைக்கும் வந்து, அண்ணி ஒரு வார்த்தையும் பேசாமல் நாத்தனாரைத் தூக்கித் தோளில் உட்கார வைக்கிறாள். சரியாகப் பாதிப் படம். என் கை தானாகப் போய் டிவியை நிறுத்திவிட்டது. லைட்டைப் போட்டு, எழுந்து போய் வாசல் கதவையும் இரண்டாகத் திறந்து வைத்து, இடைவேளை என்றேன். அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். டீ போட்டாள், ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற தம்பிக்கு யாரோ கூலிங் இல்லை என்று போன் செய்தார்கள், கீழ் வீட்டுக்காரர் கதவு திறந்திருக்கிறதே என்று எட்டிப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். முக்கால் மணி கழித்து உட்கார்ந்தால் கடல் வெறும் தண்ணீராக இருக்கிறது. ஊதி வைத்த பலூனை நானே அவிழ்த்துவிட்டேன். அப்புறம் இரண்டாம் நம்பர், அதற்கு இடைவேளை விடக் கூடாது என்று அம்மா ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஆறாவது நிமிஷமே சுறா வாயைப் பிளந்துகொண்டு வந்து சிங்கம் மாதிரி உறுமுகிறது, முடிவில் டீசல் டாங்க்கோடு வெடிக்கிறது, தம்பி விசில் அடித்தான், பொய் சொல்லக் கூடாது, நானும் கைதட்டினேன்.

ஆனால் மனசு ஒப்பவில்லை. திங்கட்கிழமை தம்பி வேலைக்குப் போனதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒன்றாம் நம்பரை நானும் அம்மாவும் இடைவேளை விடாமல் பார்த்தோம். அவள் படத்தைப் பார்த்தாள், நான் பழக்கதோஷத்தில் அவளைப் பார்த்தேன். முழங்கால் வலியில் பத்து வருஷமாகச் சம்மணம் போடாதவள், தண்ணீர் சும்மா அலைந்துகொண்டிருக்கிற இடத்தில் இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள், வைத்தது அவளுக்கே தெரியாது. தூரத்தில் ஒரு படகு போகும்போது அண்ணி, ஏங்க, இங்க இருக்கோங்க என்று மூன்று தடவை கூப்பிடுகிறாளே, அங்கே அம்மா நிறுத்தச் சொன்னாள். அது நடிக்கிற பொண்ணு இல்லீங்க, நம்ம பெரிய பாப்பா என்றாள். போடி என்றேன். கூப்பிட்டு முடிச்சு மூச்சு வாங்குது பாருங்க, எனக்குத் தெரியாதா என்று மறுபடி போடச் சொன்னாள். அது உன் குரல்தான். நடிகை வராத அன்றைக்கு அவசரத்துக்கு நீயே பேசி ஒட்டியிருப்பாய். இரண்டாம் நம்பரில் அந்த இடத்தில் உறுமல்தான் இருக்கிறது. அம்மா என் பக்கம் திரும்பி, அவ அங்க நல்லாத்தான் இருக்காளா என்று என்னைக் கேட்டாள். நல்லாத்தான் இருக்கா என்றேன்.

தம்பி இன்னும் இரண்டு என்றுதான் சொல்கிறான், அவனை மாதிரி ஆட்கள்தான் டிக்கெட் வாங்குகிறவர்கள், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அடுத்த படம் போனாலும் போகும். அப்படியும் என் சாட்சி ஒன்றாம் நம்பருக்குத்தான். ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு, அண்ணியைக் கழுத்தளவு தண்ணீரில் நிற்க வைத்துவிட்டுத் திரையை இருட்டாக்கிவிடுகிறாய். படம் முடிஞ்சுதுன்னு சொல்றீங்க, அந்தப் பொண்ணு இன்னும் அங்கயேதான நிக்கிறா என்று அம்மா நாற்காலியை விட்டு எழவே இல்லை. கரையேறுகிற மாதிரி எடுத்திருக்க மாட்டார்கள், இனி நம்ம பாப்பா எங்கே போய் எடுப்பாள் என்றேன். எடுக்க வேணாம், இருட்டான பின்னாடி யாராவது அவளைக் கூப்பிட்டா போதும், எனக்குப் புரிஞ்சுடும் என்றாள். கடைக்காரம்மா இதை எழுதும்போதே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அப்ப நீங்களே கூப்பிடுங்களேன் என்று கடைக்கு மேலே மாடியில் நம் வீட்டுக்கு ஆள் அனுப்பி அம்மாவைக் கீழே வரவழைத்துவிட்டார். அம்மா அத்தனை படியும் இறங்கி வந்து, தலையை ஒதுக்கிக்கொண்டு, போனில் பதிவாகிற மாதிரி ஒரே ஒரு தடவை சொன்னாள், இன்னொரு தடவை சொல்லுங்க என்றதற்கு மாட்டேன் என்று போய்விட்டாள். கடிதத்தோடு அதையும் அனுப்பியிருக்கிறோம், மூன்று விநாடிகூட இருக்காது, வந்துட்டியா கண்ணு, வா என்று இருக்கும். படத்துக்கு ஆகுமா என்று நீ பார்த்துக்கொள். ஆகாவிட்டாலும் அழித்துவிடாதே.

மணிக்கு ஒரு தடவை எழுந்து நட, கழுத்துக்கு அதுதான் மருந்து, கடைக்காரம்மாவும் அதையேதான் சொல்கிறார். நீ எந்த நம்பரைக் கொடுத்தாலும் எங்கள் பிள்ளைதான், நன்றாக இரு, தைரியமாக இரு. வெள்ளிக்கிழமை முடிந்ததும் முதலில் அம்மாவுக்குப் போன் செய்.

இப்படிக்கு,
உன் அப்பா. கீழே இருப்பது என் இடது பெருவிரல், மை கடைக்காரம்மாவுடையது.