பக்கத்துக் கடை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அங்கே உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, தூக்கம் வருகிறதா என்பதுதான் காலையில் கண் விழித்ததும் முதல் நினைப்பு. போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று அந்த இல்லத்தில் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால் அதுவும் நல்லதற்கே என்று படுகிறது. போனில் உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், நீ என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய், உருப்படியாக ஒன்றும் பேசியிருக்க மாட்டோம்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். உன் மகள் என்பது வாயைத் திறந்தாலே தெரிகிறது. நேற்று அத்தான் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, "மாமா, ஊர் லிஃப்ட் எல்லாம் ரிப்பேர் பண்றீங்க, நம்ம வீட்டுக்கு ஒண்ணு போடக் கூடாதா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மா வந்து கூட்டிப்போய் சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறாள். போன வாரம் உன்னைப் பற்றிக் கேட்டாள். நேராகக் கேட்கவில்லை, சுற்றி வளைத்துத்தான். ஆனாலும் கேட்டாள்.

கீழே கடை நன்றாக ஓடுகிறது. ஊரே போனைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதால் மூக்குக்கண்ணாடி விற்கிற நமக்குக் குறையில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த மரச்சாமான் கடையைக் காலி செய்துவிட்டார்கள். வேறு ஒரு கடை வந்திருக்கிறது. கொஞ்சம் சத்தம். அங்கே பாட்டுப் போட்டால் நம் அலமாரியில் அடுக்கியிருக்கும் ஃபிரேம்கள் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்து வந்துவிடுகின்றன. வருகிறவர்கள் ஸ்கூட்டரை நம் வாசலை அடைத்து நிறுத்துகிறார்கள். முதலாளி மரியாதையாகத்தான் பேசுகிறார். எதைச் சொன்னாலும் சிரிக்கிறார். பாப்பா அவருக்குப் பல்லழகர் என்று பேர் வைத்திருக்கிறாள். "சரிங்க மேடம், பசங்ககிட்ட சொல்லிடறேன்" என்கிறார். சொன்னதாகத் தெரியவில்லை.

பெரிய விஷயமில்லை. நீ மனதில் போட்டுக்கொள்ளாதே. டாக்டர் சொல்வதைக் கேட்டு நட. வேளாவேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பாப்பாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு எனக்கு ஒரே ஒரு வரி: "அக்கா, என்ன கடைன்னு எழுதவே இல்லையே." படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து உன்னிடம் எதையாவது மறைக்க முடிந்திருக்கிறதா எனக்கு?

ஆமாம், பார்தான். நீ படுக்கும் அறையின் சுவரும் அவர்கள் சுவரும் ஒன்று. ஏன் எழுதவில்லை என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா?

நான் யாருடைய சந்தோஷத்திலும் மண்ணள்ளிப் போடுகிறவள் இல்லை. உள்ளே உட்கார்ந்து குடித்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போகிறவரை ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் தெரு தெருவாகவே இல்லை. சாயங்காலம் ஆனால் நம் படியில் நாலு பேர் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். எழுந்திருங்கள் என்றால் காலை மட்டும் மடக்கிக்கொண்டு, "போங்க அக்கா, வழி இருக்குல்ல" என்கிறார்கள். சந்தில் சுவர் ஓரமாகப் போவதை நான் எழுத வேண்டாம், நாற்றம் மாடிவரை வருகிறது. காலையில் கடை திறக்கும் முன் உடைந்த பாட்டில் பொறுக்குவதுதான் முதல் வேலை. வயதான வாடிக்கையாளர்கள் சாயங்காலம் வருவதை நிறுத்திவிட்டார்கள். பாப்பா நீச்சல் வகுப்பு முடிந்து வரும்போது ஒருவன் ஏதோ சொல்லியிருக்கிறான். என்ன சொன்னான் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல அத்தை" என்கிறாள். இப்போதெல்லாம் நான் போய்க் கூட்டிவருகிறேன்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அங்கே இருந்த போலீஸ் அம்மா பொறுமையாகக் கேட்டார். "நீங்க ஒருத்தர் சொன்னா பக்கத்து வீட்டுச் சண்டைன்னு எழுதிடுவாங்க. தெருவே சொன்னா லைசன்ஸ் கொடுத்த ஆபீஸே விசாரிக்கும்" என்றார். சரி என்று வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போனேன். எல்லோரும் உட்கார வைத்து என்னைவிட அதிகமாகத் திட்டினார்கள். பேனாவை நீட்டினால்தான் அடுப்பில் பால் பொங்குகிறது, யாரோ கூப்பிடுகிறார்கள். சலவைக்கடைக்காரர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "அவங்க மேசைத்துணி பூரா எங்கிட்டதான் வருது அக்கா. வயித்துல அடிக்காதீங்க."

எதிர் மாடிப் பல் டாக்டரிடம் எனக்கு நம்பிக்கை இருந்தது. உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர்தான். படித்தவர், தனியாள், யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. அவரோ என் முகத்தைப் பார்க்காமலே, "எதுக்கும்மா நமக்கு இந்த வம்பெல்லாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அது எனக்கு விட்டுப்போகவே இல்லை.

இருந்தாலும் விடாமல் நடந்து, கையெழுத்துப் போடத் துணிந்த சிலரைச் சேர்த்து லைசன்ஸ் ஆபீஸுக்கு மனு போட்டாகிவிட்டது. பல்லழகர் வந்து, "மேடம், நம்மகிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றார், அதே சிரிப்போடு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இனி எழுதுவதைப் படித்துப் பதறாதே. நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் கடையின் முகப்புக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். நான் உள்ளறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா முன்னால் மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். இடி விழுந்த மாதிரி சத்தம். ஓடி வந்து பார்த்தால் பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், தலைமுடி எல்லாம் கண்ணாடித் தூள். ஒரு கீறல்கூட இல்லை. எந்தப் புண்ணியமோ. தலை குனிந்து வரைந்துகொண்டிருந்ததால் அவள் யாரையும் பார்க்கவில்லை; வெளியே யாரோ ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஷட்டரை இறக்கிவிட்டு அத்தான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மனு போட்டதற்குத்தான் இது என்கிறார்.

நீ எப்போது வருவாய் என்று பாப்பா காலண்டரைப் புரட்டிக்கொண்டே இருக்கிறாள். இப்போது வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வா என்று சொல்லவும் முடியவில்லை.

உன்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவரைப் பார்த்து நீ திகைத்திருப்பாய். முதலில் அவரை உட்கார வை. தண்ணீர் கொடு. பிறகு படி.

"பாப்பாவை அந்த நிலைமையில் விட்டுவிட்டு இங்கே எனக்கென்ன வேலை, நான் கிளம்பி வருகிறேன்" என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது வந்த பயம் முகப்புக் கண்ணாடி உடைந்தபோதுகூட எனக்கு வரவில்லை. அதனால்தான் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

கண்ணாடி உடைந்த மறுநாள், உனக்குக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து கடையைக் கூட்டும்போது ஷோகேஸ் அடியில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடந்தது. நம் கடைச் சரக்கு என்றுதான் எடுத்தேன். கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது, அது விற்காத சரக்கு இல்லை. ஒருவருக்கு ஒரு காது கொஞ்சம் மேலே இருக்கிறது என்று நானே கொம்பை வளைத்துக் கொடுத்தது. ஃபிரேம் நெளிந்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. எதிர் மாடியை அண்ணாந்து பார்த்தேன். பல் டாக்டர் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது.

அத்தான் உடனே காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று குதித்தார். நானும் செருப்பை மாட்டிவிட்டேன். அப்போது மனிதரே படியிறங்கி, தெருவைத் தடவித் தடவிக் கடந்து வருகிறார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரே ஆள் நிற்பது தெரியாது. வலது கையில் கட்டு. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல், உடைந்த இடத்துக்கு நேரே நின்றுகொண்டு, "அம்மா இருக்கீங்களா?" என்றார்.

தம்பி, நான் திட்டுவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவர் நின்ற நிற்பை எனக்குத் தெரியும். அப்படி ஒருவர் நம் வாசலில் காலையில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ஃபிரேமைச் சூடு காட்டி நிமிர்த்தி, துடைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்புறம் பாப்பா உட்காரும் நாற்காலியைப் பார்த்தார். "குழந்தை அங்க இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், பெரிய மனிதர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

யாரும் கல் எறியவில்லை. பாரின் பின்வாசல் வழியாகப் போவதும் வருவதுமாகத்தான் அவருக்கு நாள் போயிருக்கிறது. அன்று நிற்க முடியாத நிலையிலும் ஊற்றிக் கொடுத்து, வெளியே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். தடுமாறி நம் கண்ணாடியில் போய் விழுந்து, பயத்தில் எப்படியோ எழுந்து ஓடிவிட்டார். கையெழுத்துக் கேட்டபோது ஏன் முகத்தைப் பார்க்கவில்லை என்று இப்போது புரிந்தது. மத்தியானத்துக்கு மேல் நோயாளிகளைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாராம், கை நடுங்குவதால்.

போலீசுக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அத்தானுக்கு என் மேல் இன்னும் வருத்தம்தான். ஆனால் லைசன்ஸ் ஆபீஸ் விசாரணை அன்று நான் கூப்பிடாமலே டாக்டர் வந்தார். பல்லழகர் சிரித்துக்கொண்டே, எங்கள் கடை ஆட்களால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொல்லி முடித்ததும் இவர் எழுந்து, "இவங்க கடைக் கண்ணாடிய உடைச்சது நான்தான். எனக்கு நிதானம் இல்லைன்னு தெரிஞ்சும் கடைசிவரைக்கும் ஊத்திக் கொடுத்தது இவர் கடையில" என்றார். அத்தனை பேர் முன்னால். சலவைக்கடைக்காரரும் வந்திருந்தார். அவர்கூட எழுந்து, படியில் உட்காருவது உண்மைதான் என்றார்.

பாரை மூடவில்லை. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். சீக்கிரம் அடைக்க வேண்டும், வெளியே கிளாஸ் வரக் கூடாது, சந்தில் விளக்குப் போட வேண்டும், வாசலில் ஆள் நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வாரம் படி காலியாக இருக்கிறது. அடுத்த மாதம் எப்படியோ, எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பாரின் பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது, சாயங்காலமானால் அதில் விளக்கு எரிகிறது. நீ வரும்போதும் எரியும். சுவரைத் தள்ளி வைக்க அக்காவால் முடியவில்லை.

விசாரணை முடிந்து திரும்பி வரும்போது டாக்டர் நீ இருக்கும் இல்லத்தின் விலாசத்தைக் கேட்டார். கொடுத்தேன். இன்று அங்கே கிளம்பி வந்து, நான் இதை எழுதி முடிக்கக் காத்திருக்கிறார்; பையைக் கையில் வைத்துக்கொண்டு, "முதல் கொஞ்ச நாள் எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது, என் தம்பிக்குத் தெரியும், அவன் சொல்வான் என்றேன்.

அதனால் கிளம்பி வராதே. நாங்கள் பத்திரமாக இருக்கிறோம், பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் கூட இரு. ராத்திரி அவர் எழுந்து உட்கார்ந்தால் நீயும் எழுந்து உட்கார். வீட்டுக்குப் போகிறேன் என்று அவர் பையை எடுத்தால், போகாதீங்க என்று சொல். ஏன் போகக் கூடாது என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வாயோ, அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லு சாமி, உன் காதிலும் விழட்டும்.

நீ நன்றாக இருப்பாய். இருக்க வேண்டும்.

உன்,
அக்கா