மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக்

மாதா துணை

பல்லடம்,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா பிரான்சிஸ் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஹர்ஷாவும் அந்த அடிலெய்டு குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரையும் அடங்கித்தான் இருக்கிறது, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. என்னடா அப்பா கடிதமெல்லாம் எழுதுகிறார் என்று பதறாதே கண்ணு. போனில் பேசினால் நீ கேட்டு முடிப்பதற்குள் என் வாய் ஆகட்டும் என்று சொல்லிவிடுகிறது. காகிதத்தில் அந்த வாய் முந்திக்கொள்ள முடியாது. எழுதி முடித்ததும் ஜெராக்ஸ் கடை ஷேக் பரீத் பாய் இதைப் படம் எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் அங்கே வந்ததும் சேர்வதற்கு மூன்று இங்கிலீஷ் பள்ளிகளின் விவரம் அனுப்பி, ஜூலையில் வகுப்பு தொடங்கிவிடும், எது என்று நீங்களே முடிவு பண்ணுங்கப்பா என்று சொல்லிவிட்டாய். முப்பத்தைந்து வருஷம் தறிக்குடோனில் ஃபிட்டராக இருந்தவன், எந்தத் தறி எங்கே மக்கர் செய்கிறது என்று வாசலில் நின்று காதால் கேட்டே சொல்லிவிடுவேன், ஆனால் அறுபத்திரண்டு வயதில் எனக்கு நானே பள்ளிக்கூடம் பார்ப்பது எப்படி என்று சத்தியமாகத் தெரியவில்லை. ஒன்று நகரத்துக்குள் இருக்கிற பெரிய காலேஜ், இன்னொன்று ரயிலேறி பஸ் மாறிப் போக வேண்டியது, மூன்றாவது உன் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் வாரம் இரண்டு நாள். போட்டோவில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள், அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? எதிர்வீட்டு கீதா வேறு, ஏனுங்க சித்தப்பா, இங்கயே கொஞ்சம் படிச்சுட்டுப் போங்க, அங்க போயி முழிக்காதீங்க என்று ஆர்.எஸ்.புரத்தில் ஓர் இங்கிலீஷ் சென்டரைச் சொன்னாள். சரியென்று பஸ் பிடித்துப் போனேன். வெள்ளை வேட்டி சட்டையோடு உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த காலேஜ் பிள்ளைகளெல்லாம் புது வாத்தியார் வந்துவிட்டார் என்று எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னார்கள். நான் உட்காருங்க சாமி என்று கையைக் காட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வெளியே வரும்போது அந்த ஆபீஸ் பொண்ணு திங்கக்கிழமையிலிருந்து சேர்ந்துக்கறீங்களா சார் என்று கேட்டதற்கு, வாரேனுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். போகிற எண்ணமே இல்லை. அது தினமும் போன் அடிக்கிறது, நானும் தினமும் வாரேனுங்க என்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படக் கூடாது. அந்தப் பெரிய காலேஜில் எனக்கு மூன்றாம் நிலை வகுப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது என்று நீ ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்தாயே, அது என் தப்பு. எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்க, அன்றைக்கு பாய் கடைக் கம்ப்யூட்டரில் அந்தக் காலேஜ் மேடம் வீடியோவில் வந்து பேசினார்கள். நல்ல முகம், பொறுமையாகத்தான் கேட்டார்கள், எனக்குத்தான் பத்து வார்த்தையில் ஒன்றோ இரண்டோ பிடிபட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு டீச்சரம்மா மரியாதையாகக் கேட்கும்போது முகத்துக்கு நேரே எப்படி இல்லை என்பது? எல்லாவற்றுக்கும் எஸ் மேடம் என்று சொன்னேன். பாய் பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, ஏனுங்கண்ணா, கைக்குழந்தை இருக்குதான்னு அந்தம்மா கேக்குது, நீங்க பாட்டுக்கு ஆமான்னு சொல்லிப்போட்டீங்களே என்று காதில் சொன்னபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. பிறகு வந்த மெயிலை பாய் படித்துக் காட்டினார். நான் பகலில் வேலைக்குப் போகிறவனாம், அதனால் சாயங்கால வகுப்பாம், முன்பே இங்கிலீஷ் படித்திருப்பதால் மூன்றாம் நிலையாம், என் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஓர் இடமும் ஒதுக்கியிருக்கிறார்களாம். பாய் கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

ஏன் தெரியுமா, நீயும் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாய். அப்பா, ஊட்டை வித்துப்போட்டு ஒரேயடியா இங்க வந்துருங்க என்று கிறிஸ்துமஸ் சமயத்தில் நீ கேட்டதற்கும் நான் ஆகட்டும் கண்ணு என்றுதான் சொன்னேன். அந்த மேடத்துக்குச் சொன்ன எஸ் மாதிரிதான் அம்மணி அதுவும். நீ அதை நம்பி புரோக்கர் திருமலைசாமியிடம் பேசிவிட்டாய், அவரும் போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார், அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமை அக்ரிமென்ட் போட்டுக்கலாமுங்களா என்று கேட்டார், நான் வழக்கம்போல, செஞ்சுபோடலாமுங்க என்றேன். உன் அம்மா இருந்திருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது. நம் வீட்டில் இல்லை என்று சொல்வது அவள் வேலை. நான் ஊரெல்லாம் ஆகட்டும் சொல்லிவிட்டு வருவேன், அவள் பின்னாலேயே போய் அதெல்லாம் ஆகாதுங்க என்று சொல்லிவிட்டு வருவாள். அவள் போய் இரண்டு வருஷமாக அந்த வேலைக்கு ஆள் இல்லை.

நேற்று அந்த நூலகத்துப் பள்ளியின் படிவத்தையும் பாய் அச்செடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லச் சொல்ல நான் டிக் போட்டேன். மற்ற இடத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான். இதில் மூன்றாவதாக இன்னும் தெரியவில்லை என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள் மதி. அதைப் பார்த்ததும் என்னமோ எனக்கு உட்கார நாற்காலி கொடுத்த மாதிரி இருந்தது. பஸ் போர்டு படிப்பீர்களா, இல்லை. போனில் டாக்டரிடம் பேசுவீர்களா, இல்லை. அடுத்தடுத்து இல்லை போட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிக் கேள்வி, இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்கப் போகிறீர்களா என்று. அதில் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். எந்தப் பள்ளி என்று கேட்டாயே, இந்தப் பள்ளிதான்.

அந்தத் தைரியத்தில் ஆர்.எஸ்.புரம் பொண்ணு போன் செய்தபோது, நான் வரலீங்க அம்மணி, மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டேன். அது சரிங்க சார் என்று வைத்துவிட்டது, அவ்வளவுதான், இதற்கா வாழ்நாளெல்லாம் பயந்தேன்? அடுத்து பாயை உட்கார வைத்து அந்தக் காலேஜ் மேடத்துக்கும் கைக்குழந்தை இல்லை என்று மெயில் அனுப்ப வேண்டும். நாளைக்குத் திருமலைசாமியிடம் போகிறேன். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட மாட்டேன்.

உன்னைப் பார்க்க எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. நீ ராத்திரி டூட்டி முடித்து வந்து ஹர்ஷாவைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவதை நினைத்தால் இன்றைக்கே கிளம்பிவிடலாம் போலிருக்கிறது. மறுநாள் காலையில் பூசை முடிந்து பேக்கரியில் பாயோடு டீ குடிக்கும்போது இதை விட்டுவிட்டு எங்கே போவது என்றும் இருக்கிறது. இரண்டும் நிஜம்தான், எது பெரிது என்று எனக்கே பிடிபடவில்லை. விசா வந்திருக்கிறது, டிக்கெட் போடு, ஜூலையில் வருகிறேன், பையனைக் கொண்டு போய் விட்டுவிட்டு நானும் என் பள்ளிக்குப் போகிறேன். ஒரேயடியாகவா என்று அங்கே வந்தபிறகு ஒருநாள் கேள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஷூவுக்குள் ஈரச் சாக்ஸ் போடாதே. மாப்பிள்ளையிடம் பக்குவமாக எடுத்துச் சொல். ஆண்டவர் உங்கள் மூவரையும் கைவிடாமல் காப்பாராக, ஹர்ஷாவுக்கு ஆயிரம் முத்தம். ஒன்றை மட்டும் மறக்காதே கண்ணு. இதைப் படித்ததும் உடனே போன் செய்யாதே, உனக்குத் தோன்றுவதை எழுதி அனுப்பு. போன் செய்து அழுதாயானால் நான் ஆகட்டும் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பிரான்சிஸ்