மாமாவின் கார் மருந்து

ஜூன் 4, ஞாயிறு

காலையிலேயே மாமனாரோடு மல்லுக்கு நின்றாயிற்று. துடைத்த பிறகும் கறுப்புக் கார் மங்கலாகவே இருக்கிறதாம். பழி என் தலையில்! "கார் துடைக்கிற துணியைத் தோய்க்கும்போது வாசனைத் திரவம் ஊத்தினியாம்மா? அந்தத் துணிக்கு அது ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" நான் ஊற்றவே இல்லை. எனக்குக் கார் கண்ணாடி மாதிரிதான் தெரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஜூன் 11

பளபளப்பு ஸ்ப்ரேயை மாமாவே கலப்பார். வீட்டில் அதற்குப் பெயர் 'மருந்து'. பாட்டிலில் அவர் போட்ட கோடு வரைக்கும் மருந்து, மீதிக்கு பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் வெள்ளைப் புள்ளி விழுமாம். இன்று மருந்து கோட்டைத் தாண்டி எங்கேயோ போனது. "கூடிப்போச்சு மாமா" என்றேன். "மங்கலா இருக்குல்ல, கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்." துடைத்தார். இப்போது நிஜமாகவே திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டது.

ஜூன் 14

பள்ளியிலிருந்து வந்ததும் பாப்பா சொன்னாள்: "சிக்னல்ல பச்சை விழுந்துடுச்சான்னு தாத்தா என்னைத்தான் கேக்கறார்மா."

மங்கல் காரில் இல்லை. தினமும் காலையில் அவர்தானே இவளைக் கொண்டுபோய் விடுகிறார்! இவரிடம் சொன்னால், "அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லேன்" என்கிறார். பூனைக்கு மணி கட்ட நான்தான் கிடைத்தேனா?

ஜூன் 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பின்கட்டில் மருந்து கலந்துகொண்டிருந்தார். "கோடு எங்க இருக்கு, காட்டுங்க மாமா." விரல் பாட்டில் மேல் தேடியது. கோட்டுக்கு வெகு மேலே போய் நின்றது.

"காருக்கு ஒண்ணும் இல்ல மாமா. உங்க கண்ணைத்தான் காட்டணும்."

"சாவியைப் பிடுங்க இது ஒரு வழியா?"

உள்ளே போய்விட்டார். சமையலறையில் நின்று அழுதேன். நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? என் பிள்ளை அந்தக் கார்ல போறாளே—

ஜூன் 19

மாமாவுக்குக் கால் வலியாம். பாப்பாவை பஸ்ஸில் கூட்டிப்போனேன். எனக்கு லைசென்ஸ் உண்டு. ஆனால் அந்தக் காரை நான் தொட்டதில்லை. அவரும் எடு என்று சொல்லவில்லை.

ஜூன் 27

ஒருவழியாக மாமா கண் டாக்டரிடம் வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. "இவ்வளவு நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" என்றார் டாக்டர். மாமா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார். அப்பாடா!

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இரண்டு கண்ணும் ஆயிற்று. இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மருந்தை அளந்து கலந்தார், துடைத்தார். கார் ஜொலித்தது. "பாத்தியா!" என்று என்னிடம் பெருமை வேறு.

பிறகு பின்பக்கத்திலிருந்து குரல். "இங்க வாம்மா. இது எப்ப ஆச்சு?"

பின் கதவின் அடியில் நீளமாக ஒரு கீறல்.

"ஏப்ரல்ல மாமா. நீங்க வாசல் கேட்டுல உரசிட்டீங்க. உங்க மனசு கஷ்டப்படும்னு இவர்தான் சொல்ல வேண்டாம்னார்."

வாராவாரம் அதன் மேலேயும்தான் துடைத்திருக்கிறார்.

"பாப்பா உள்ள இருந்தாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அந்தக் கதவுப் பக்கம்தான் மாமா."

துணியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

ஆகஸ்ட் 21

பள்ளிக்குக் கிளம்பும் நேரம். மாமா சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சாவியை என் கையில் வைத்தார்.

"நீ ஓட்டும்மா."

பின் சீட்டில் பாப்பாவை நகரச் சொல்லி, அந்தக் கதவுப் பக்கம் அவர் உட்கார்ந்துகொண்டார்.