ஆளுக்கு ஏழு மாதம்

இளைக்கவில்லை அம்மா, போட்டோவில் அப்படித் தெரிகிறது. உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

அலுவலகத்தில் ஒரு வேடிக்கை. ராணுவத்தில் அடுத்த ஆண்டு சேரப்போகிறவர்களுக்கு எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிடுவதுதான் இப்போது என் வேலை. ஆண்டுத் தொடக்கத்திலேயே சேர்கிறார்கள். சம்பளம், சாப்பாடு, பூட்ஸ் எல்லாம் பன்னிரண்டு மாதத்துக்குப் போடுவது வழக்கம். மேலேயிருந்து வந்த தாளில் ஆளுக்குச் சராசரி ஏழு மாதம் என்றிருந்தது. யாரோ தவறாக அடித்துவிட்டார்கள் என்று நினைத்துத் திருத்தினேன்.

மேலாளர் கூப்பிட்டார். "அதத் தொடாதம்மா. ஏழுதான்."

"மிச்ச அஞ்சு மாசம் பட்டினியா சார்?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த பக்கத்தைக் காட்டினார். இறந்தவர் குடும்பங்களுக்கான தொகை மூன்று மடங்காகியிருந்தது. "உங்க வீட்டுல யாராவது சேர்றாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல சார்."

தம்பி விண்ணப்பித்திருப்பதை நான் சொல்லவில்லை.

நீ ஒன்றும் பயப்படாதே. இங்கே குளிர் தாங்கவில்லை, அவ்வளவுதான். என் பழைய போர்வையைத் தபாலில் போடாமல் அவனிடம் கொடுத்தனுப்பு. அறை ஜன்னலின் கொக்கியும் கழன்று கிடக்கிறது, அவன் வந்துதான் மாட்டித் தரவேண்டும். அடுத்த மாத ஆள்தேர்வுக்கு முன்னாலேயே கிளம்பட்டும். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு, இல்லாவிட்டால் துரை அசைய மாட்டார்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன் மகள்.

மறுபடியும் ஏழு என்று மாற்றிக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் போய்த் தம்பி பெயரில் டிக்கெட் எடுத்தேன். இதோடு வைத்திருக்கிறேன்.