காரணம் எழுதாத படிவம்

சாயங்காலம் இவர் தாலுகா ஆபீசிலிருந்து வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் தந்தார். நாலாக மடித்த தாள். பிரிக்கும்போதே சைக்ளோஸ்டைல் மையின் அந்த எண்ணெய் வாசம் வந்தது. கல்லூரியை விட்டபிறகு அந்த வாசத்தை நான் முகர்ந்ததே இல்லை. பெயர், வகுப்பு, வராத நாட்கள் என்று ஒவ்வொன்றாக இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் ‘காரணம்’ என்பதற்கு எதிரே நீளமாக ஒரு கோடு. நீயும் நானும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோமே, அதே கோடு.

“வடிவுக்கு நாள் குறையுதாம். நான் கையெழுத்துப் போட்டுட்டேன். உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே, காரணத்தை நீயே எழுதிரு” என்று சொல்லிவிட்டு இவர் கால் கழுவப் போனார். வடிவு இவருடைய தங்கை. உனக்கு அவளைத் தெரியாது. நாம் படித்த கல்லூரியில்தான் இப்போது இண்டர்மீடியட் முதல் வருஷம் படிக்கிறாள்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, என் சர்ட்டிபிக்கேட்டுகள் இருக்கும் உறைக்குள்ளிருந்து உன்னுடைய தாளை எடுத்தேன். அது மஞ்சளித்துப் போயிருக்கிறது. உன் கையெழுத்து மட்டும் நேற்றுப் போட்டது மாதிரி இருக்கிறது.

நீ போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் இந்தத் தாள்தான்.

நம் வகுப்பில் அறுபது பையன்கள், நாம் இரண்டு பேர். ‘பெண்கள் அறை’ என்று ஒரு மூலையில் தட்டி கட்டி மறைத்த இடத்தில் காத்திருப்போம். மணி அடித்ததும் சார் அந்த வாசலில் வந்து நின்று ஒரு தரம் இருமுவார். நாம் எழுந்து அவர் பின்னாலேயே வகுப்புக்குப் போவோம். பாடம் முடிந்ததும் அவர் பின்னாலேயே திரும்பி வருவோம். மாதத்தில் நாலு நாள் நான் மட்டும் தனியாகப் போவேன். அந்த நாட்களில் பின்பெஞ்சிலிருந்து தவறாமல் ஒரு குரல் வரும்: “ஏலே, இன்னைக்கு ஒத்தை மாட்டு வண்டில்லா வருது.”

ஐந்தாம் நாள் நீ வந்ததும் இதை உன்னிடம் சொல்லி அழுதேன். நீ சிரித்தாய். “அப்ப வண்டிக்காரன் யாருட்டி, நம்ம சாரா? பாவம், அவரு கையில சாட்டைகூட இல்லியே.”

பையன்களுக்குள் ஒருவன் வராவிட்டால் இன்னொருவன் குரலை மாற்றி ஆஜர் சொல்லிவிடுவான். உனக்காக நான் எப்படிச் சொல்ல? இரண்டு பேரில் ஒருத்தி இல்லையென்றால் ஊருக்கே தெரியுமே.

எனக்கும் மாதத்தில் அந்த நாட்கள் உண்டு. நான் கோட்டாற்றில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன். சித்தியிடம் நான் சொன்னதே இல்லை. மறைத்து வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். ஒரு தடவை சித்தி விளக்கேற்றச் சொன்னபோது, மறுத்தால் தெரிந்துவிடும் என்று பயந்து விளக்கையும் ஏற்றினேன். இன்றைக்கும் என் மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டால் எனக்கு அந்த விளக்குதான் ஞாபகம் வருகிறது. பி.ஏ. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதே. நினைக்கிறேன்.

நீ சுசீந்திரத்துக்கு அப்பாலிருந்து, உன் அம்மாவின் கண்ணுக்கு நேராக வந்துபோனவள். உனக்கு மறைக்க இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் நீ மறைத்திருக்க மாட்டாய். ஒரு சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். பின்கட்டுச் சாய்ப்பில், ஓலைப்பாயில், பக்கத்தில் தனித் தட்டும் தனிச் செம்புமாக உட்கார்ந்திருந்தாய். நீ விட்டுப்போன சரித்திரப் பாடத்தை நான் முற்றத்தில் நின்றபடி வாசித்தேன். உன் அம்மா நெல் காயப்போட்டுக்கொண்டே ஒரு கண்ணை என்மேல் வைத்திருந்தாள்.

“புஸ்தகத்தை அவ கையில நீட்டிராத மக்கா. சரசுவதியாக்கும்.”

“காதுக்குத் தீட்டு இல்லியாம்மா?” என்று நீ உள்ளேயிருந்து கேட்டாய்.

“ஒனக்கு மொதல்ல வாய்க்குத்தான் தீட்டு வைக்கணும்” என்றாள் உன் அம்மா. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். கெட்டவள் இல்லை அவள். உன்னைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று உன் அப்பாவோடு மல்லுக்கு நின்றவளே அவள்தான். ஆனால் அந்த நாலு நாள் மட்டும் அவள் கையிலும் இல்லை.

மாதம் நாலு நாளோடு போயிருந்தால் எப்படியோ தப்பியிருப்பாய். அந்த வருஷம் உன் பெரியப்பா இறந்தார். பதினாறு நாள் நீ வீட்டோடு இருந்தாய். பரீட்சை எழுத முக்கால் பங்கு நாட்களாவது வந்திருக்க வேண்டும். மாசி மாதம் நோட்டீஸ் பலகையில் ஒட்டிய, நாள் குறைந்தவர்கள் பட்டியலில் உன் பெயர் இருந்தது. உன் பெயருக்கு மேலும் கீழும் இருந்தவர்கள் எல்லாம் பையன்கள். நம் தமிழ்ப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று வகுப்புக்கு வராமல் ஊர்வலம் போனவர்கள். அவர்கள் படிவத்தில் அதைத் தைரியமாக எழுதினார்கள். யார் யாரோ வந்து பேசினார்கள். அத்தனை பேருக்கும் மன்னிப்புக் கிடைத்தது. அது கிடைக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. உன் நாலு நாளுக்கும் ஒருவர் வந்து பேசியிருந்தால் என்று மட்டும்தான் நினைக்கிறேன்.

உனக்காக யார் பேச? உன் அப்பாவிடம் கேட்டபோது அவர் வயல் வரப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அதைப் போயி எழுதி நான் கையெழுத்துப் போட்டா, ஆபீசுல நாலு ஆம்பளைக உக்காந்து வாசிக்க மாட்டானுவளா?” காய்ச்சல் என்றால் போடுகிறேன் என்றார். நம் சாரிடம் நான் போனேன். “உடம்புக்கு ஏதாவதா?” என்று கேட்டார். “ஆமா சார்” என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, “எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம்” என்றார். நல்ல மனிதர். அவர் காது சிவந்துபோயிருந்தது.

எல்லாரும் காய்ச்சல் என்று எழுதச் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். நீ கேட்கவில்லை.

“எனக்குக் காச்சலே வந்ததில்ல, பாத்துக்க. இல்லாத காச்சலுக்கு இல்லாத டாக்டரத் தேடி அலையணுமாக்கும். உள்ளத எழுதினா என்ன, பூமி பொளந்திருமா?”

பிறகு உன் அப்பாவிடம் எப்படியோ சண்டை போட்டு, காரணக் கோட்டைக் காலியாக விட்டு, அவர் கையெழுத்தை வாங்கி, உன் கையெழுத்தையும் போட்டு வைத்துவிட்டாய். கடைசித் தேதி உன் நாலு நாட்களுக்குள் விழுந்தது. முந்தின நாளே தாளை என்னிடம் தந்தாய். “ஏட்டி, நீதான் எழுதணும். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. நல்ல வார்த்தையா ஒண்ணு பாத்துப் போடு. வாசிக்கவனும் வெக்கப்படாம வாசிக்கணும்.”

நான் நூலகத்தில் அகராதியைப் பிரித்து, பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு தேடினேன். வார்த்தை கிடைத்தது. எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்துகொண்டேன்.

மறுநாள், கடைசித் தேதியன்று, ஆபீசில் எனக்குப் பின்னால் ஐந்தாறு பையன்கள் கையில் படிவத்தோடு நின்றார்கள். அதில் ஒருவன் அந்த ஒத்தை மாட்டு வண்டிக்காரன். திருவனந்தபுரத்துக்கார ஹெட்கிளார்க் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். “காரணம் எழுதணும் குட்டி. காரணம் இல்லாத்த கடலாசு மேலே போகாது.” மைக்கூட்டையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் பேனாவைத் தொட்டெடுத்தேன். பின்னால் எட்டிப் பார்க்கிற மூச்சு என் தோளில் பட்டது. மனப்பாடம் செய்த வார்த்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எனக்குத் தெரியும். கைதான் போகவில்லை. கோட்டின்மேல் ஒரு சொட்டு மை விழுந்தது. “நாளைக்கு எழுதிக்கொண்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கு என்று ஒன்று இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ குளித்துவிட்டு ஐந்தாம் நாள் ஓடி வந்தபோது, “தள்ளிட்டாங்கட்டி” என்றேன்.

நீ கேட்டாய்: “உள்ளத எழுதியுமா?”

“ஆமா.”

“அப்ப சரி. தள்ளினா தள்ளட்டும். நாம எழுதினோம்லா.”

அந்த வருஷம் நான் பரீட்சை எழுதினேன். நீ எழுதவில்லை. இன்னொரு வருஷம் அனுப்ப உன் அப்பா சம்மதிக்கவில்லை. நான் அங்கேயே பி.ஏ.வும் முடித்தேன். உன்னைத் திருவட்டாற்றுப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அங்கிருந்து நீ எனக்கு எழுதிய ஒரே கடிதத்தில் கோயிலைப் பற்றியும் ஆற்று வெள்ளத்தைப் பற்றியும் எழுதிவிட்டுக் கடைசியில் கேட்டிருந்தாய்: ‘நாம எழுதின அந்தத் தாளை ஆபீசுல எடுத்து வச்சிருப்பாங்களா, கிழிச்சுப் போட்டிருப்பாங்களா? பின்னால வாற பிள்ளைக யாராவது பாக்க மாட்டாளுவளா?’

அதற்கு நான் பதில் போடவில்லை. என்னத்தைப் போட?

பிறகு உன் அண்ணன் அனுப்பிய கார்டு வந்தது. டைபாய்டு, இருபது நாள் காய்ச்சல், நீ போய்விட்டாய் என்று இருந்தது. நான் பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள். அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது. “கார்டைத் தொட்டுட்டே இருக்காத, பச்சப்பிள்ளைக்காரி” என்று அத்தை அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். உன்னைப் பார்க்கவும் வர முடியவில்லை, சத்தம் போட்டு அழவும் முடியவில்லை. ‘காய்ச்சல்’ என்ற அந்தச் சொல் மட்டும் என்னோடு அறைக்குள் கிடந்தது.

இப்போது நம் தமிழ்ப் பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது. அந்தப் பையன்கள் கேட்டது நடந்துவிட்டது. கல்லூரி இனி எந்தப் பல்கலைக்கழகத்தோடு போகும், பழைய சர்ட்டிபிக்கேட் செல்லுமா, இண்டர்மீடியட் இருக்குமா போகுமா, பாடம் தமிழில் வருமா என்று பேருந்தில்கூட இதே பேச்சு. மலையாள வாத்தியார்கள் சிலர் மூட்டை கட்டிவிட்டார்கள். இவர் தினமும் பத்திரிகையை வாசித்துவிட்டு எனக்கும் ஒரு முறை சொல்வார். எல்லாம் பெரிய விஷயங்கள்தான். ஆனால் கோடு அதே இடத்தில் இருக்கிறது. தாள்தான் புதுசு.

வடிவுக்கு இன்றைக்கு மூன்றாம் நாள். எங்கள் வீட்டிலும் பின்னால் ஒரு சாய்ப்பு உண்டு. அவளுக்குத் தட்டைத் தள்ளி வைப்பது நான்தான். அத்தையிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டும் என்று கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்து நினைக்கிறேன்.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு சாய்ப்புப் பக்கம் போனேன். “உள்ளதை எழுதட்டுமா வடிவு?” என்று கேட்டேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ மைனி, காச்சல்னு போட்டிருங்க. எங்க கிளாசுல பதினெட்டுப் பொம்பளப் பிள்ளைக. பதினெட்டு பேருக்கும் மாசாமாசம் காச்சல்தான். கிளார்க்கே இப்பம் மேல பாக்காம சீல் குத்துகாரு.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “தேதி நாளைக்காக்கும், மைனி. என் வருஷம் போயிரும்.”

உன் வருஷம் போனது. அவள் வருஷத்தையும் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் பேனா என் கையில்தானே இருந்தது.

எழுதிவிட்டேன். ‘காய்ச்சல்’ என்று, அழகான இங்கிலீஷ் எழுத்தில். இந்தத் தடவை மை சொட்டவில்லை. உன்னைக் கொண்டுபோன சொல்லை எழுத எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நீ கேட்டிருந்தாயே, அந்தத் தாளை யாராவது எடுத்து வைத்திருப்பார்களா என்று. வைத்திருக்கிறேன். கிழியவில்லை. உன் பெயர் இருக்கிறது, உன் கையெழுத்து இருக்கிறது, காரணத்துக்கு எதிரே ஒரு சொட்டு மை இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. நாம் எழுதவில்லை. நான் எழுதவில்லை.

அந்த வார்த்தை எனக்கு இன்னும் எழுத்து மாறாமல் மனப்பாடம். தாளை மடித்து உறைக்குள் திரும்ப வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.