அட்மின் அனுப்பிய பதில்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து தூறல். தோட்டத்து லய வீடுகளில் டவர் இல்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குடையோடு நின்றால் போனில் சிக்னல் இரண்டு கோடு வரும். ஒரு மணி நேரம் நின்றேன். கால் முழுக்க அட்டைக்கடி.

வேலை: நிரோ அண்ணாவுக்கு லோயர் தேடுவது.

அண்ணாவைச் செவ்வாய்க்கிழமை பிடித்தார்கள். எழுதவே கை வரவில்லை. பூண்டுலோயாப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இருபது வயது. மே மாதம் ஷோ முடிந்ததும் ஹட்டனில் ஒரு ரூமுக்குக் கூப்பிட்டுப் பலவந்தம் செய்தார் என்று முறைப்பாடு. பதினாலு நாள் ரிமாண்ட்.

அண்ணா எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன்காரர். திருவிழா மேடைகளில் பாடி மேலே வந்தவர். அவருடைய ஃபேஸ்புக் பேஜை மூன்று வருடமாக நடத்துவது நான். பதினோராயிரம் பேர். போஸ்டர், ரீல்ஸ், இன்பாக்ஸ் எல்லாம் யூடியூப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. அண்ணா என்னை ‘அட்மின்’ என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டால் அன்றைக்குச் சோறே வேண்டாம்.

இங்கிலிஷில் தேடினேன். வந்ததெல்லாம் அமெரிக்கா லோயர்கள். ஆலோசனை இலவசம் என்று ஒரு ஃபோர்ம். நிரப்பினேன். எந்தக் கவுண்டி, அதாவது எந்த மாவட்டம், என்று பதில் வந்தது. நுவரெலியா என்று போட்டேன். பிறகு சத்தமில்லை.

பேஜில் போட்டது: அண்ணா நிரபராதி, பொய்க்காரி யாரென்று தெரியும். யாரோ அனுப்பிய அவளுடைய படத்தை மங்கலாக்கிச் சேர்த்தேன். மத்தியானத்துக்குள் 900 ஷேர்.

ஜூலை 4, வெள்ளி

மழை விட்டது. குளிர்.

பெரியம்மா (அண்ணாவின் அம்மா; எனக்குச் சொந்தமில்லை, அப்படிக் கூப்பிடுவேன்) இன்று காலைப் பெரட்டுக்கு, கொழுந்து வேலைக்குப் போகவில்லை. லோயர் பார்க்க நானும் அவரும் மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் பஸ் ஏறினோம். முன் சீட்டில் இரண்டு பேர்.

“பாட்டுக்காரன உள்ள போட்டுட்டாங்களாமே.”

“பொட்டப்புள்ளைகளுக்கு ரூமுல என்ன வேல?”

பெரியம்மா சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். இரண்டாவது ஆள் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

முதல் லோயரின் கிளார்க், “எங்க சேர் இந்த மாதிரி கேஸ் எடுக்கிறதில்ல” என்றார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இரண்டாவது, ஒரு பெண் லோயர்; எல்லோரும் மிஸ் என்கிறார்கள். சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடி. கீழே கொத்து ரொட்டி அடிக்கிற சத்தத்தில் எல்லோரும் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“எம் புள்ள தங்கமுங்க மிஸ். கோழி அறுக்குறதக்கூட பாக்கமாட்டான்.”

“நல்லவரா கெட்டவரான்னு கோட்டுல கேக்கமாட்டாங்கம்மா. அன்னைக்கு எங்க இருந்தாரு? அத சொல்லுங்க.”

“ஷோ முடிஞ்சு நேரா வீட்டுக்கு வந்துட்டானுங்க. அந்தப் புள்ளைய பாத்ததே இல்லன்னு பொலிஸ்லயும் சொல்லிருக்கான்.”

நான் பேஜைக் காட்டினேன். ஷேர் எண்ணிக்கையைப் பார்த்து மிஸ் அசந்துபோவார் என்று நினைத்தேன்.

“இத யாரு போட்டது?”

“நாந்தான் மிஸ்.”

“இப்பவே எடுங்க. முறைப்பாடு குடுத்த புள்ள யாருன்னு தெரியிற மாதிரி போட்டா அதுவே தனிக் குத்தம். ரிமாண்டுல அவருக்கு பக்கத்து ரூம் வேணுமா ஒங்களுக்கு?”

எடுத்தேன்.

“இன்பாக்ஸ் யாரு பாக்குறது?”

“அதுவும் நாந்தான்.”

“அந்தப் புள்ள ஏதாவது எழுதியிருக்கான்னு தேடுங்க. ஒண்ணையும் அழிக்கக்கூடாது. அவளுக்கு மெசேஜ் போடவும் கூடாது.”

மிஸ் கேட்டவை: அண்ணாவின் ஐ.டி. கொப்பி, ஷோ ஒப்பந்தம், போன் பில், இன்பாக்ஸ் பிரிண்ட்.

கேஸை எடுத்துக்கொண்டார். பெரியம்மா படியிறங்கும்போது சுவரைத் தொட்டுக் கும்பிட்டார்.

ஜூலை 5, சனி

நான் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடையில் கூட்டம். முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் தேடினேன். அவள் பெயரைப் போட்டதும் வந்துவிட்டது.

மே 17, பகல். அவள்:
“இது நிரோ அண்ணாட பேஜ் தானே. ஷோ முடிஞ்சு ஹட்டன்ல சந்திக்கலாம்னு அண்ணா கோல் எடுத்தாங்க. தனியா வரணுமாம். கொஞ்சம் பயமா இருக்கு. போகலாமா?”

நான்:
“பயப்படாதீங்க தங்கச்சி ❤️ அண்ணா தங்கம். யாருக்குக் கிடைக்கும் இந்த சான்ஸ். தைரியமா போங்க. - அட்மின் அக்கா”

ஞாபகமே இல்லை. அன்றைக்கு நூறு பேருக்காவது பதில் போட்டிருப்பேன்.

மே 18, காலை. அவள்:
“அக்கா இருக்கீங்களா.”

பதில்:
“அன்பு ரசிகரே, உங்கள் மெசேஜ் எங்களுக்கு உயிர். நிரோவின் புதுப் பாட்டை ஷேர் பண்ணுங்க 🎶”

அவள்:
“நீங்க சொன்னதாலதான் போனேன்.”

பதில்:
“அன்பு ரசிகரே, உங்கள் மெசேஜ் எங்களுக்கு உயிர்.”

மூன்றாவதாக அவள் எழுதியதை இங்கே எழுத மாட்டேன். அதற்கும் அதே பதில்தான் போயிருக்கிறது. பாட்டு லிங்கோடு. அந்த ஆட்டோ ரிப்ளை, பதில் போட்டு முடியாமல் 17 இரவு நான் செட் பண்ணியது. அது முதலில் வேலை செய்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“தங்கச்சி, ரெண்டு பக்கமும் அடிக்கச் சொன்னேனே” என்று கொப்பி எடுக்க வந்த ஒருவர். திரும்ப அடித்துக் கொடுத்தேன். அதுவும் பிழை.

ஜூலை 7, திங்கள்

மூடுபனி. பஸ் லைட் போட்டுக்கொண்டுதான் போனது.

மிஸ் இன்பாக்ஸ் பிரிண்டின் முதல் பக்கத்தைப் படித்தார். பெரியம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்.

“தங்கச்சி, நான் அவருக்கு லோயர். ஒங்களுக்கு இல்ல. வெளங்குதா? இத அழிங்கன்னு சொல்லமாட்டேன். பொலிஸுல குடுங்கன்னும் என் வாயால சொல்ல முடியாது. நீங்க ஒங்களுக்குன்னு ஒரு லோயர பாருங்க.”

“எனக்கு எதுக்கு மிஸ்? நான் என்ன செஞ்சேன்?”

மிஸ் தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். கீழே கொத்துச் சத்தம்.

மிஸ் கத்திப் பேசியது வெளியே கேட்டிருக்க வேண்டும்; திரும்பும்போது பெரியம்மா மெதுவாகக் கேட்டார். “அதெல்லாம் ஒம் போன்லதானே புள்ள இருக்கு. ஒரு அமுக்குதானே?” பிறகு பையிலிருந்து ரொட்டி எடுத்துப் பாதி கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

அழிக்கவில்லை. மூன்று தரம் அந்த இடம் வரைக்கும் விரல் போனது.

அண்ணா வேறு எதற்காவது கூப்பிட்டிருக்கலாம். அவரிடமே கேட்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

வெயில். எப்படி வெயில் அடிக்கிறதோ.

பெரியம்மாவோடு ரிமாண்ட் சிறைக்குப் போனேன். அண்ணாவுக்குத் தாடி வளர்ந்திருந்தது. மெலிந்துவிட்டார். “அட்மின், வந்துட்டியா” என்றார். எல்லாம் பொய்யாகத்தான் இருக்கும் என்று அந்த ஒரு நிமிஷம் தோன்றியது.

“மிஸ் வந்தாங்க. ஏதோ மெசேஜ் இருக்காமே.”

“அந்தப் புள்ளைய தெரியாதுன்னு சொன்னீங்களேண்ணே.”

“எத்தன பேரு வர்றாளுக, போறாளுக. அத விடு. ஒன் முழுப் பேரு என்ன? அப்பா பேரோட சொல்லு.”

“எதுக்குண்ணே?”

“பேஜ நடத்துறது நீதானே. தைரியமா போன்னு சொன்னதும் நீதானே. மிஸ்கிட்ட அப்படியே சொல்லலாம்னு இருக்கேன். நீ பொம்பளப் புள்ள, ஒன்னைய ஒண்ணும் செய்யமாட்டாங்க.”

அவளைத் தெரியவே தெரியாது என்று சொல்வார், அல்லது மன்னிப்பாவது கேட்பார் என்று நினைத்துப் போனேன். பெயர் கேட்டார்.

எனக்குத் தெரிந்தவை: அவருடைய பிறந்த நாள். சப்பாத்து சைஸ். இரத்த வகை. எந்தப் பக்கம் நின்று படம் எடுத்தால் பிடிக்கும் என்பது. டீக்கு எத்தனை சீனி.

சொல்லாமல் வந்துவிட்டேன்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பஸ் ஸ்டாண்டில், “அவனுக்கு ஒன் பேரே தெரியாதா புள்ள?” என்றார். அதற்குப் பிறகு போனைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தூறல். கடைக்கு லீவு சொன்னேன்.

ஆட்டோ ரிப்ளையை நிறுத்தினேன். பேஜ் முகப்பிலிருந்து பாட்டை எடுத்தேன். அவளுக்கு ஒரு வரி எழுத வேண்டும் போலிருந்தது. கூடாது என்று மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. எழுதவில்லை.

ஹட்டன் பொலிஸ், பெண்கள் பிரிவு. தமிழில் எழுதுகிறவர் வரும் வரைக்கும் பெஞ்சில் இருந்தேன். வந்த பொலிஸ்காரிக்கு என் வயதுதான் இருக்கும். ஈரக் குடையை மூலையில் வைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்தார்.

“முழுப் பேரு?”

அப்பா பேரோடு சொன்னேன்.

“சந்தேக நபருக்கு நீங்க என்ன முறை?”

“ஒரு முறையும் இல்ல மிஸ்.”

“அப்ப எதப் பத்தி சொல்ல வந்தீங்க?”

போனை மேசையில் வைத்தேன்.

“அந்தப் புள்ள போகலாமான்னு கேட்டுச்சு. போன்னு சொன்னது நான்.”